குழாயும் நீரோட்டமும்: கடலாற்றல் ஆய்வில் துறைகள் கூடும் இடம்



கடலாற்றல் என்னும் ஒரு பெயருக்குள் இயல்பால் வேறுபட்ட பல வளங்கள் அடங்கியுள்ளன. காற்று எழுப்பும் அலை, நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம், மேற்பரப்பு நீருக்கும் ஆழ்நீருக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, கடல்மேல் வீசும் காற்று ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் எதற்கும் அடிப்படை அறிவியல் புதியதன்று; எனினும் கடல்மேல் காற்றாலைகளையும் ஓரிரு ஓத நிலையங்களையும் விட்டால், வணிக அளவில் நிலைத்துநின்ற முயற்சிகள் மிகச் சில. பொறி இயங்காமையால் முடங்கிய திட்டங்களைக் காட்டிலும், ஒரு துறையின் பொறுப்பு முடிந்து இன்னொன்றின் பொறுப்பு தொடங்காத இடைவெளியில் முடங்கிய திட்டங்களே மிகுதி என்பது இவ்வுரையின் கருத்து.

வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்சாரம் பெறும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் 1881-இல் முன்வைத்தார். அம்மோனியாவைப் போன்ற, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் ஒரு பொருளை மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரால் ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியை இயக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் அதை மீண்டும் நீர்மமாக்குவதே இம்முறை. வெப்பமண்டலக் கடலில் மேற்பரப்பு 28 பாகை செல்சியசாகவும் 1,000 மீட்டர் ஆழம் ஏறத்தாழ 7 பாகையாகவும் இருக்குமாயின், கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடிய உச்சத் திறனே 7 விழுக்காடுதான். நடைமுறையில் அதில் பாதியும் கிடைப்பது அரிது. அதிலும் ஒரு பெரும்பகுதி, நீரை இறைக்கும் பம்புகளுக்கே செலவாகிவிடுகிறது. கியூபாவின் மத்தன்சாஸ் விரிகுடாவில் ஜார்ஜ் குளோத் 1930-இல் நிறுவிய நிலையம் 22 கிலோவாட் தந்ததாயினும், தன்னை இயக்கிக்கொள்ள அதைவிடக் கூடுதலான மின்சாரத்தை உட்கொண்டது. குளோத்தை உண்மையில் அலைக்கழித்தது, ஆழத்திலிருந்து நீர் கொணரும் நீண்ட குழாயைக் கடலில் இறக்கிக் காப்பாற்றும் வேலையே.

எழுபது ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடிக் கடலிலும் அதே குழாய் குறுக்கே நின்றது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தின் துணையோடு, 1 மெகாவாட் திறனுள்ள வெப்ப ஆற்றல் நிலையத்தைச் 'சாகர் சக்தி' என்னும் மிதவைக் கலத்தின்மேல் அமைக்க 2000-களின் தொடக்கத்தில் முயன்றது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு மீட்டர் விட்டமும் கொண்ட பாலித்தீன் குழாயை இறக்கி நிறுத்தும் கட்டத்தில் அம்முயற்சி தடைப்பட்டது. சுழலியும் வெப்பப் பரிமாற்றியும் இயந்திரப் பொறியியலின் எல்லைக்குள் தெளிவாக அடங்குகின்றன. குழாயோ, மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் ஓடும் நீரோட்டம், பாலித்தீனின் நெகிழ்வு, கலத்தின் ஆட்டம், நங்கூரத்தின் பிடிப்பு, இறக்கும் நாளின் வானிலை ஆகிய அனைத்தும் ஒருங்கே பற்றி இழுக்கும் பொருள். அதை முழுமையாகத் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகத் துறை எதுவும் இல்லை.

ஆயினும் அம்முயற்சி வீணாகிவிடவில்லை. அதே ஆழ்நீரைக்கொண்டு குடிநீர் ஆக்கலாம் என்று கேள்வி திசைமாறியது. காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் மேற்பரப்பு நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்நீரால் ஒடுக்கி நன்னீராக்கும் நிலையம் 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் அளவில் தொடங்கியது. 2007-இல் சென்னைக்கு அப்பால் மிதவைக் கலத்தின்மேல் 10 லட்சம் லிட்டர் அளவில் செய்து காட்டப்பட்டது. கரையருகிலேயே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடும் கவரத்தித் தீவில் குறுகிய குழாயே போதுமானதாயிற்று. அங்கே டீசலில் பிறக்கும் மின்சாரத்தின் விலையோடுதான் போட்டி. மக்களுக்கோ முதல் தேவை தண்ணீர். நிலவியலும் பொருளியலும் மக்கள் தேவையும் ஒரே இடத்தில் பொருந்தியமையே கவரத்தி நிலைத்ததற்குக் காரணம் எனலாம்.

அலை ஆற்றலில் கேரளத்தின் விழிஞ்ஞம் தரும் பாடம் வேறு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 1991-இல் 150 கிலோவாட் நிலையம் எழுந்தது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும்போது மேலுள்ள காற்று வெளித்தள்ளப்பட்டும் உள்ளிழுக்கப்பட்டும் ஓட, காற்று எத்திசையில் ஓடினாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் சுழலி அங்கே பொருத்தப்பட்டது. மேற்கு ஐரோப்பியக் கரையில் அலைமுகப்பின் ஒரு மீட்டருக்கு 50 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் கிடைக்கும் இடங்கள் உண்டு. இந்தியக் கரையில் அதன் நான்கில் ஒரு பங்கு கிடைப்பதே பெரிது, அதுவும் பருவமழைக் காலத்தில் குவிந்து கிடைக்கிறது. வட அட்லாண்டிக்குக்கான கணக்கை அப்படியே இங்கே பெயர்த்து நடுவது பயன் தராது.

ஓதத்தில் இரு அணைகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பிரான்சின் ரான்ஸ் நிலையம் 240 மெகாவாட் திறனோடு 1966-இல் தொடங்கியது. கட்டுமானத்தின்போது கழிமுகம் சில ஆண்டுகள் கடலிலிருந்து அடைக்கப்பட்டதால் அங்கிருந்த உயிரினத் தொகுதி சிதைந்து, புதிய சமநிலை உருவாகப் பத்தாண்டளவு பிடித்தது. தென்கொரியாவின் சிஹ்வாவில் முன்னரே கட்டப்பட்ட கடற்சுவரால் தேங்கிக் கெட்டுப்போன நீரைக் கடலோடு மீண்டும் கலக்கச் செய்யும் வழியாகவே 2011-இல் 254 மெகாவாட் நிலையம் வந்தது. பொறியியல் ஏறத்தாழ ஒன்றே. உயிரியலாளர் எப்போது அழைக்கப்பட்டார் என்பதில்தான் வேறுபாடு.

இன்று தமிழகக் கரையை நெருங்கி நிற்பது கடல்மேல் காற்றாலை. தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் தலா 500 மெகாவாட்டுக்கு நிதியுதவி வழங்க ஒன்றிய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது. இதற்கெனக் கருதப்படும் மன்னார் வளைகுடாப் பகுதியிலேயே 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவும், கடற்பசுவின் மேய்ச்சலுக்குரிய கடற்புல் வெளிகளும், தலைமுறைகளாகத் தொழில் நடக்கும் மீன்பிடிப் பார்களும் உள்ளன. தூணின் அடித்தளத்தை அறைவதால் எழும் ஒலி, கேபிள் செல்லும் வழி, தூண்களைச் சுற்றி வலை விரிக்க இயலாத பரப்பு ஆகியவற்றை மின்பொறியாளர் தனித்து முடிவு செய்ய இயலாது. நீவாடு என மீனவர் குறிக்கும் நீரோட்டம் எந்தப் பருவத்தில் எப்பக்கம் வலுக்கும் என்பதைக் கருவிகள் சில ஆண்டுகளுக்கே பதிவு செய்துள்ளன. கரையிலுள்ள முதியவர்களிடம் அவ்வறிவு நெடுங்காலத்துக்குரியது. அதை முறையாகத் திரட்டி அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் பணி இன்னும் எவருடைய ஆய்வுத் திட்டத்திலும் உரிய இடம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

ஆகவே இம்மாநாட்டின் அமர்வுகள் துறைவாரியாகப் பிரியாமல் இடவாரியாக அமைவது நலம். ஒரு கடற்பரப்பை எடுத்துக்கொண்டு, அதன் அடிமண், நீரோட்டம், உயிரினம், மீன்பிடி உரிமை, மின்கட்டமைப்பு ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்து, தூணின் வகை தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே விவாதிக்க வேண்டும். தோல்வியுற்ற சோதனைகளின் தரவுகளும் வெற்றிகளைப் போலவே வெளியிடப்பட வேண்டும். குழாய் இறக்கும் நாளில் எந்த ஆழத்தில் என்ன வேகத்தில் நீர் ஓடியது என்பது, அடுத்த குழாயை வடிவமைப்பவருக்கு எந்தச் சுழலியின் திறன்விளக்கப் படத்தையும்விட முதலில் தேவைப்படும் தகவல்.