ஊர்ப் பண்டகசாலையும் ஊரார் ஆகாரமும்

(ஐக்கிய பண்டகசாலை அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பண்டகசாலையின் கணக்குப் புத்தகத்தைத் திறப்பவர்கள் கொள்முதல், விற்பனை, லாபம் ஆகிய மூன்றையும் பார்ப்பது வழக்கம். அதே புத்தகத்தில் ஊராரின் தேக சுகமும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிப்பவர் சிலரே. ஒரு வருஷத்தில் எத்தனை மூட்டை சர்க்கரை விற்றது, எத்தனை கூடை காய்கறி விற்றது என்று கூட்டிப் பார்த்தால், அவ்வூரார் என்ன உண்கிறார்கள் என்பது தானே விளங்கும். ஊருக்கு ஒரே கடைதான் உண்டு, அடுத்த பட்டணமோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் என்றிருக்குமிடத்தில் இது முற்றிலும் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் வடபாகத்தில் வசிக்கும் ஆதிக்குடிகளின் அனுபவம் இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

அந்த ஜனங்கள் பல்லாயிரம் வருஷங்களாகக் கங்காரு இறைச்சி, மீன், காட்டுக் கிழங்கு, பழம், தேன் முதலியவற்றைத் தாங்களே தேடி உண்டு வந்தவர்கள். வெள்ளையர் குடியேறிய பின், மாட்டுப் பண்ணைகளிலும் கிறிஸ்தவ மிஷன் ஸ்தலங்களிலும் அவர்களுக்கு மாவும் சர்க்கரையும் தேயிலையும் படியாக அளக்கப்பட்டன. படி நின்றது; கடை வந்தது. கடையிலும் அதே மாவும் சர்க்கரையுமே முன்னால் நின்றன. பின்னர்ப் புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்களும் வந்து சேர்ந்தன. நீரிழிவும் இருதய நோயும் சிறுநீரக நோயும் அவ்வூர்களில் மிகுந்துவிட்டன.

இது பிறவிக் குற்றமென்று எண்ணியவர்களும் உண்டு. ஆகாரத்தையும் உழைப்பையும் மாற்றினால் நோய் தணியும் என்பது 1982-ஆம் வருஷத்தில் தெளிவாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரதேசத்தில் நீரிழிவு கண்ட 10 பேர் 7 வாரங்கள் தங்கள் பூர்விக நிலத்திற்குச் சென்று, வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கு தோண்டியும் ஜீவித்தார்கள். கெரின் ஓடீ என்னும் ஆராய்ச்சி அம்மையார் அவர்களுடைய தேகநிலையைப் பரிசோதித்து வந்தார். சராசரி ஒருவருக்கு 8 கிலோ எடை குறைந்தது. இரத்தத்திலிருந்த சர்க்கரையும் வெகுவாகத் தணிந்தது.

ஆனால் எல்லோரும் என்றும் காட்டிலேயே வாழ்வது இயலாது. வீடும் பள்ளிக்கூடமும் ஊரில் இருக்கின்றன. ஆகவே கேள்வி கடைக்கே திரும்பி வருகிறது. கடற்கரை ஊர்களுக்கு டார்வின் துறைமுகத்திலிருந்து சரக்குப் படகில் சாமான் வரவேண்டும். மழைக்காலத்தில் சாலைகள் நீரில் மூழ்கிவிடும். கீரையும் பழமும் வழியிலேயே வாடும்; வந்தபின் குளிர்சாதன அறையில் வைத்துக் காப்பாற்றவும் செலவுண்டு. இவ்வளவும் விலையில் ஏறுகின்றன. பட்டணத்தில் வாங்குவதைவிடச் சுமார் பாதி அதிகமாகக் கொடுத்து வாங்கும் நிலைமை அங்கே சாதாரணம். கையில் பணம் சொற்பம். பிள்ளைகளின் வயிறோ நிறைய வேண்டும். மலிவாய் வயிற்றை நிரப்புவது மாவும் சர்க்கரையுமே. அந்தத் தாயை அறியாதவள் என்று சொல்வது நியாயமன்று. அவள் கணக்குப் பார்த்தே வாங்குகிறாள்.

இந்நிலையில், குரோக்கர் தீவிலுள்ள மிஞ்சிலாங் என்னும் சிற்றூரார் 1989-ஆம் வருஷத்தில் தாங்களே முன்வந்து உதவி கேட்டார்கள். ஊராரும் கடைக்காரரும் சுகாதார ஊழியரும் ஆகார சாஸ்திரம் அறிந்தவர்களும் ஒன்றுகூடினார்கள். கடையின் விற்பனைக் கணக்கைக் கொண்டே ஊரின் உணவை அளந்தார்கள். நல்ல சரக்கைத் தருவித்து முன்னால் வைத்தார்கள். ஒரு வருஷத்திற்குள் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. பழமும் காய்கறியும் அதிகம் செலவாயின. இரத்தப் பரிசோதனையிலும் குணம் தெரிந்தது. வெளியார் வந்து உபதேசித்ததனால் மட்டும் இது கைகூடியிருக்குமா என்பதை யோசித்தல் வேண்டும்.

அப்பிரதேசத்தின் ஊர்க் கடைகள் 1972-ஆம் வருஷத்திலேயே ஐக்கிய முறையில் ஒன்றுகூடி, ஆர்னம் லாந்து அபிவிருத்திச் சங்கம் என்பதை ஸ்தாபித்திருந்தன. அதன் சொந்தக்காரர்கள் அந்தந்த ஊர் ஆதிக்குடிகளே. பழம், காய்கறிகளின் ஏற்றுக்கூலியில் ஒரு பாகத்தைச் சங்கமே தாங்கி, அவற்றின் விலையைத் தணிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு.

விலைக் குறைப்பினால் பலன் உண்டா என்பது 2013, 2014-ஆம் வருஷங்களில் 20 ஊர்களில் பரீட்சிக்கப்பட்டது. பழம், காய்கறிகளுக்கு நூற்றுக்கு 20 வீதம் விலை தள்ளிக் கொடுத்தபோது, அவற்றின் விற்பனை நூற்றுக்கு 12.7 வீதம் கூடிற்று. நல்ல பலனே, ஆயினும் இனிப்புப் பானம் கடை வாசலிலேயே கண்ணைப் பறித்துக்கொண்டு நிற்குமானால், உள்ளேயிருக்கும் கீரை என்ன செய்யும்?

ஆகவே 2018-ஆம் வருஷத்தில் மற்றொரு பரீட்சை நடந்தது. 20 கடைகளில் 10 கடைகளைத் தெரிந்தெடுத்து, 12 வாரங்களுக்கு இனிப்புப் பண்டங்களை முன்வரிசையிலிருந்து அகற்றினார்கள். அவற்றிற்குரிய விளம்பரத்தையும் சலுகையையும் நிறுத்தினார்கள். பெரிய புட்டிகளைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விற்பனையை அடியோடு தடுக்கவில்லை, கேட்டவர்களுக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும், ஜனங்கள் வாங்கிய ஆகாரத்தில் சேர்க்கப்பட்ட சர்க்கரை நூற்றுக்கு 2.8 வீதம் குறைந்தது. கடையின் லாபத்திற்கோ குறைவு நேரவில்லை.

2.8 என்பது அற்பமென்று சிலர் நினைக்கலாம். ஒருவரையும் கடிந்துகொள்ளாமல், ஒருவர் பையிலும் கை வைக்காமல், அலமாரியில் சாமானை இடம் மாற்றியதனாலேயே கிடைத்த பலன் அது. பானம் விற்காவிட்டால் கடை நஷ்டப்படும் என்ற அச்சமே இத்தகைய சீர்திருத்தங்களுக்கு எங்கும் குறுக்கே நிற்பது. அவ்வச்சம் ஆதாரமற்றதென்று அந்தக் கடைகள் காட்டின.

2025-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலிய சர்க்கார், தூரத்து ஊர்க் கடைகளில் 30 அவசியப் பொருள்களின் விலையைத் தணிக்கப் பண உதவித் திட்டமொன்றை அறிவித்தது. சர்க்கார் பணம் விலையைக் குறைக்கலாம். எந்தச் சரக்கைத் தருவிப்பது, எதை முன்னால் வைப்பது, லாபத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்பவற்றை நிர்ணயிப்பவர்கள் கடையின் சொந்தக்காரர்களே. கடை தனியொருவனுடையதாயின் ஊரார் கெஞ்சத்தான் முடியும். சங்கத்தினுடையதாயின் தீர்மானம் செய்யலாம்.

ஆதலால் மகாசபையில் வருஷக் கணக்கு வாசிக்கப்படும்போது, லாபத் தொகையைக் கேட்டவுடனே கலைந்துவிடாமல், சர்க்கரை எவ்வளவு விற்றது, காய்கறி எவ்வளவு விற்றது என்ற இரண்டு வரிகளையும் வாசிக்கும்படி அங்கத்தினர்கள் கேட்பார்களாக. மிஞ்சிலாங் ஊராரும் அப்படிக் கணக்கைப் பார்த்தே தங்கள் ஆகாரத்தைச் சீர்படுத்தத் தொடங்கினார்கள்.