நாளைக் காலையில் என்ன செய்வது?



கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது இளைஞர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, பௌத்தத்துக்கு வரணும்னு நினைக்கிறேன். நாளைக் காலையில நான் என்ன செய்யணும்?" மதமாற்றத்தின் அரசியலை நம் மேடைகள் நிறையப் பேசுகின்றன. அந்த மறுநாள் காலையைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றன. இன்றைய நினைவுப் பேருரையை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஓர் அச்சத்தைத் தீர்த்துவிடுவோம். "எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?" என்று அம்மா கேட்பார், மாமா கேட்பார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியைத் தந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே பௌத்தராவதால் அந்த உரிமை போகாது. தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அது தனியாகப் போராட வேண்டிய அநீதி.

இனி நடைமுறைக்கு வருவோம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப், பிக்கு சந்திரமணியிடம் மும்மணிச் சரணமும் ஐந்து சீலமும் ஏற்றார். பிறகு தாமே எழுந்து நின்று, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு அவற்றை வழங்கினார். கூடவே 22 உறுதிமொழிகளையும் வழங்கினார். அவற்றில் முதல் எட்டு பெரும்பாலும் எதை விட்டு வருகிறோம் என்பதைச் சொல்பவை: பிரம்மா, விஷ்ணு, அவதாரக் கதை, திதி, பிண்டம், பார்ப்பனச் சடங்கு. அவற்றை நாம் மேடையில் உரக்கச் சொல்கிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. பதினொன்றாவதில் எண்வழிப் பாதை வருகிறது. அதையடுத்துப் பாரமிதைகள், உயிர்களிடம் கருணை, திருடாமை, பொய் பேசாமை, மது விலக்கு என்று நீள்கிறது. அங்கே குரல் இறங்கிவிடுகிறது. புதிதாக வருகிறவர் அங்கிருந்து தொடங்கட்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஐந்து சீலங்களைக் கட்டளைகள் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பாலியில் அவற்றுக்குச் 'சிக்காபதம்' என்று பெயர். பயிற்சிக்கான படி என்று பொருள். கட்டளையிடுகிற கடவுள் யாரும் அங்கே இல்லை. இந்தப் பயிற்சியை நானே மேற்கொள்கிறேன் என்று ஒருவர் தன்னிடம் சொல்லிக்கொள்கிறார். தவறினால் மறுநாள் மீண்டும் சொல்லிக்கொள்கிறார். காலையில் ஐந்து நிமிடம் போதும். பாலி வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள். ஊதுபத்தி இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

ஆனால் அந்த ஐந்தும் நம்மைப் போன்ற இயக்கக்காரர்களை எங்கே தொடுகின்றன என்று பாருங்கள். கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல் என்றால் மாநாட்டுக்குத் திரட்டிய பணத்துக்கு ரசீதோடு கணக்கு வைப்பதும்தான். பொய் பேசாமை, பிரிந்துபோன தோழரைப் பற்றி உறுதிப்படுத்தாத செய்தியை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாமல் இருப்பது. மூன்றாவது சீலம், இயக்கத்துக்கு வருகிற பெண் தோழர் இரவுக் கூட்டத்திலிருந்து பயமின்றி வீடு திரும்புவதோடு சம்பந்தப்பட்டது. மது பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேரியில் அது எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குள்ளேயே பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பெண் கொடுக்க மறுக்கிறோமே, அது எந்தச் சீலத்தில் வரும் என்று ஒரு மாணவி கேட்டார். ஐந்திலும் வரும் என்றேன்.

வீட்டில் சிக்கல் வரும். அம்மாவுக்கு மாரியம்மன் இருக்கிறாள். படத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொன்ன ஒரு தம்பியிடம், அம்மா எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று கேட்டேன். அயோத்திதாசப் பண்டிதர் போகியைப் போதியோடும் அம்மனைப் பௌத்தப் பிக்குணியோடும் சேர்த்து வாசித்தார். ஊரின் நினைவுக்குள்ளேயே பௌத்தத்தைத் தேடிய வழி அது. பாபாசாகேப்பின் வழி வெட்டொன்று துண்டு இரண்டு. இரண்டுக்கும் இடையே இழுபறி உண்டு, மறைக்க வேண்டாம். உங்கள் உறுதிமொழி உங்களைக் கட்டுப்படுத்துகிறது, அம்மாவை அல்ல. அவரோடு பேசுவதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

தியானம் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் போராட்டம் மறந்துபோகும் என்று சிலருக்குச் சந்தேகம். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போய்விட்டு வருகிறோம். எரிந்த வீட்டைப் பார்க்கிறோம். அன்றிரவு தூக்கம் வருவதில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அது வெறுப்பாகக் கெட்டித்துப்போனால் முதலில் அடிவாங்குவது நம் வீட்டுப் பிள்ளைகள். முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பத்து நிமிடம் கவனியுங்கள். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். ஆனாபானசதியின் தொடக்கம் இவ்வளவுதான். இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள்.

தனியாகச் செய்தால் மூன்று மாதத்தில் விட்டுவிடுவீர்கள். அதனால்தான் மூன்றாவது சரணமாகச் சங்கம் இருக்கிறது. அயோத்திதாசர் 1898இல் கொழும்பில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியதும் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் கிளை அமைத்தார்கள். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழர்கள் அமைத்தார்கள். கூடுவார்கள், சொற்பொழிவு கேட்பார்கள், 'தமிழன்' இதழைப் படிப்பார்கள். திருமணமும் இறப்பும் அங்கே பௌத்த முறையில் நடந்தன. பாட்டாளிகள் தங்கள் உழைப்பு நேரம் போக மீந்ததில் செய்த வேலை இது.

உங்கள் ஊரில் ஐந்து பேர் இருந்தால் போதும். மகாராஷ்டிரத்துப் பௌத்தர்கள் மழைக்கால மூன்று மாதங்களில் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைக் கூடி வாசிக்கிறார்கள். அது தமிழிலும் கிடைக்கிறது. ஞாயிறு மாலை ஒரு வீட்டில், சீலம் சொல்லி, பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து, நான்கு பக்கம் வாசியுங்கள். ஒவ்வொரு வாரமும் வீடு மாறட்டும். எல்லா உட்சாதி வீட்டுக்கும் போங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். பாத்திரத்தை ஆண்கள் கழுவுங்கள்.

கேள்விகள் இருந்தால் உட்கார்ந்து பேசுவோம். ஜெய்பீம்.