முதலில் யார் மாறுவது?

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி ராகலையில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"மக்கள் தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளத் தலைவர்கள் எப்படி ஊக்கம் கொடுக்கலாம்" என்று பேசச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பதினாறு வருடம் தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்தவள். முதல் இரண்டு வருடமும் பெற்றோரை மாற்றப்போகிறேன் என்று பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாற்றத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோ. நடேசய்யரை நீங்கள் அறிவீர்கள். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி போல உள்ளே நுழைந்து லயத்து வாழ்க்கையைப் பார்த்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்து அட்டனிலிருந்து நடத்தியவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பேச்சாளர், பத்திரிகை வேலை தெரிந்தவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுகிறவர். கூட்டங்களில் அவர் பாடிய பாட்டுகள் 1940இல் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்ற சிறு நூலாக வந்தன.

ஏன் பாட்டு? அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். 1929இல் வந்த குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் மலைநாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். (சம சம்பளம் வர 1984 ஆயிற்று. நான் இங்கே படித்த காலம் முழுவதும் என் அம்மாவுக்குக் குறைந்த கணக்குத்தான்.) எழுத்து தெரியாது, கங்காணிக்கும் பயம், துரைக்கும் பயம். ஆனால் கும்மி தெரியும், தாலாட்டு தெரியும், ஒப்பாரி தெரியும். அவர்களுக்குப் பழகிய மெட்டிலேயே அவர்களுடைய கஷ்டத்தையும் உரிமையையும் வைத்துப் பாடினார் அம்மை. பேச்சு கூட்டத்தோடு முடிந்துவிடும். மெட்டுத் தெரிந்த பாட்டு மறுநாள் கொழுந்து மலைக்கும் கூட வரும். "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்காமல், தெரிந்ததிலிருந்து தொடங்கினார். நான் செய்யாதது அதுதான்.

என் பாடசாலையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுகொண்டிருந்தார்கள். சில பெண் பிள்ளைகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். நான் பெற்றோர் கூட்டம் வைத்தேன், வார நாளில், பகல் இரண்டு மணிக்கு. வந்தவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கும் வராதவர்களுக்குச் சேர்த்து ஏசினேன். "படிப்பின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை" என்றேன். ஒருநாள் பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழுந்து, "டீச்சர், இன்னைக்கு இங்க வந்ததுல எனக்கு அரைப்பேருதான். அருமை தெரியாமலா வந்தேன்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கொழுந்து எடுத்தவளின் மகள் நான்; அரைப்பேர் என்றால் என்ன என்பதை எப்படி மறந்தேன்? சேலை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்து மறந்திருக்கிறேன். அதற்குள் ஒரு பிள்ளை போய்விட்டாள். பதின்மூன்று வயது, கணக்கில் கெட்டிக்காரி. அவள் திரும்பிப் பள்ளிக்கு வரவேயில்லை. அந்த வருட இடாப்பில் அவள் பெயருக்கு நேரே நானே சிவப்பு மையால் கோடு போட்டேன். இன்றும் அது கண்ணுக்குள் இருக்கிறது.

பிறகு கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு, லயத்துக் கோயில் வாசலுக்கு மாற்றினேன். ஏசுவதை விட்டேன். "பிள்ளை ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "விடிந்ததும் உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும்" என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது: அம்மா பிரட்டுக்குப் போன பிறகு தம்பியைப் பிள்ளைமடுவத்துக்குக் கொண்டுபோய் விடுவது மூத்த பெண். அது திறக்கும் நேரத்துக்கு என் பாடசாலை மணி அடித்துவிடும். பிந்தி வந்தால் வெளியே நிற்க வைப்பது நான். நாலு நாள் வெளியே நின்றவள் ஐந்தாம் நாள் ஏன் வருவாள்?

வழியும் அவர்களே சொன்னார்கள். வேலையிலிருந்து ஓய்ந்த இரண்டு பாட்டிமார் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார்கள். நான் வாசலில் நிறுத்துவதை நிறுத்தினேன். அரைப்பேர் அம்மாதான் அடுத்த கூட்டங்களுக்கு லயம் லயமாக ஆள் கூப்பிட்டார். என்னைவிட நன்றாகப் பேசினார். குடித்துவிட்டு வந்த அப்பாமாரையும் அவரே சமாளித்தார். எனக்கு அந்தத் தைரியம் இன்றும் இல்லை. எல்லாரும் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். கொழும்புக்குப் போனவர்கள் பிறகும் உண்டு. ஆனால் நான் ஓய்வு பெற்ற வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுதியவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். அவர்களில் மூவர் இன்று ஆசிரியைகள். ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டு.

ஒரு வேண்டுகோள். மீனாட்சி அம்மையின் பாட்டைக் காதால் கேட்டவர்கள் இனி அபூர்வம். கேட்டவர்களிடமிருந்து கேட்டவர்கள் இன்னும் இருக்கலாம். கனடாவிலோ, இலண்டனிலோ, ஹைபொரஸ்ட் லயத்திலோ உங்கள் வீட்டு வயதானவர்களுக்குக் கூட்டப் பாட்டு ஒன்றிரண்டு அடி நினைவிருந்தால், மெட்டோடு பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு வயதாகிறது, ஆறுதலாகச் செய்யலாம் என்று வைக்காதீர்கள்.