இரண்டு டாலர் சட்டையும் இத்தாலியப் பட்டும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் பெயரால் நடக்கிறதோ, அந்தப் பெரியவர் ஜவுளிக்காரர். ஆகவே துணியைப் பற்றியே பேசுகிறேன். கசங்கிய பழந்துணி உயர் நாகரிக மேடை ஏறிய கதை இது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில், மழைக்கும் ஈரக் குளிருக்கும் பேர்போன ஊர். மரம் வெட்டும் தொழிலாளர்கள் உடுத்திய கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை அங்கே பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. கையில் காசில்லாத இசைக்காரப் பிள்ளைகள் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். கிழிந்த ஜீன்ஸ், தொளதொள ஸ்வெட்டர், கனத்த பூட்ஸ். 1991 செப்டம்பரில் அந்த வட்டார இசைக்குழுவான நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது. பாட்டோடு உடுப்பும் ஊர் ஊராகப் போயிற்று. அந்தப் பாட்டுக்கும் உடுப்புக்கும் கிரஞ்ச் என்று பெயர்; அது என்ன என்று பத்திரிகைகள் அலைந்தன. நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, சியாட்டிலின் சப் பாப் இசை நிறுவனத்தில் முன்பு வேலை செய்த மேகன் ஜாஸ்பர் ‘கிரஞ்ச் வட்டார வழக்கு’ என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டார். அதுவும் அப்படியே அச்சேறியது!

1992 நவம்பரில், பெரி எல்லிஸ் ஆடை நிறுவனத்துக்காக 29 வயது வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் தன் கிரஞ்ச் பாணி உடைத் தொகுப்பைக் காட்டினார். நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் 2 டாலருக்கு வாங்கிய ஃபிளானல் சட்டையை இத்தாலிக்கு அனுப்பி, அதே கட்டங்களைப் பட்டில் எடுக்கச் செய்திருந்தார். பிர்க்கன்ஸ்டாக் செருப்பு சாட்டினில் வந்தது. மாடல்கள் கேட் மாஸும் நவோமி கேம்ப்பெல்லும் கம்பளித் தொப்பியோடு நடந்தார்கள். ஃபேஷன் விமர்சகர் சூசி மென்கெஸ் கண்டன பேட்ஜே விநியோகித்தார். சில மாதங்களில் ஜேக்கப்ஸுக்கு வேலை போயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1992-க்கான சிறந்த பெண்கள் ஆடை வடிவமைப்பாளர் விருதை அமெரிக்க வடிவமைப்பாளர் கழகம் அவருக்குத்தான் கொடுத்தது.

அசிங்கம் என்பதால்தான் எதிர்த்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலைதான் உறுத்தியது. தெருமுனையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதை நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? நியாயமான கேள்வி. பட்டில் நெய்த ஃபிளானல் கட்டம் குளிருக்கும் உதவாது, ஏழைக்கும் உதவாது. ஜேக்கப்ஸ் அனுப்பிய உடைகளைத் தானும் தன் கணவரும் நிர்வாணாவின் பாடகருமான கர்ட் கோபேனும் எரித்துவிட்டதாகப் பாடகி கோர்ட்னி லவ் பின்னர் சொன்னார்.

ஆனாலும் ஜேக்கப்ஸின் கண் தேர்ந்த கண். அவர் எடுத்தது சட்டையை அல்ல, அடுக்கும் விதத்தை. பூப்போட்ட மெல்லிய கவுனுக்குக் கீழே முரட்டு பூட்ஸ், இடுப்பில் முடிந்த சட்டை, ஒன்றோடொன்று ஒட்டாத நிறங்கள். மேலும் கீழும் பொருந்த வேண்டும் என்ற பழைய சட்டம் அங்கேதான் உடைந்தது. இன்று எந்தப் பெரிய மேடையிலும் அந்தப் பொருந்தாமை சாதாரணம். 1997-இல் லூயி வுய்ட்டான் நிறுவனம் அவரையே அழைத்துக்கொண்டது. 2013-இல் செயின்ட் லாரன்ட் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஹெடி ஸ்லிமான் அதே பாணியைத் திரும்ப எடுத்தார். 2018-இல் ஜேக்கப்ஸ் தன் பழைய தொகுப்பின் உடைகளையே மறுபடி தைத்து விற்றார்.

அசல் பழந்துணியும் விலை ஏறியது. 1993-இல் எம்டிவி ‘அன்பிளக்ட்’ இசை நிகழ்ச்சியில் கோபேன் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் இல்லை. சிகரெட் சுட்ட ஓட்டை உண்டு. 2019 ஏலத்தில் அது 3,34,000 டாலருக்குப் போனது. துவைக்கவே இல்லை என்பதும் அதன் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.