ஊற்றுத் தண்ணீரும் ஒளூத் தண்ணீரும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், ஜும்ஆ தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவித்தொகைக் கணக்கை வாசிக்கத்தான் இந்தக் கூட்டம் கூட்டப்பட்டது. அதைத் தலைவர் வாசித்து முடித்துவிட்டார். நாங்கள் பேச வந்தது தண்ணீர் விஷயம். முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

போடிமெட்டுச் சரிவில் கிணறு இல்லாத ஐந்து வீடுகளுக்குச் சென்ற ஆண்டு மணல் வடிகட்டி வைத்துக் கொடுத்தோம். பிளாஸ்டிக் பீப்பாய், அடியில் ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, அதற்குமேல் மணல். ஓடையிலிருந்து ஓஸ் பைப்பில் வரும் தண்ணீரை ஊற்றினால் தெளிந்து இறங்கும். நாலு மாதம் எல்லோரும் துஆச் செய்தார்கள். ஐப்பசி மழையில் கலங்கல் அதிகமாகி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பித்தது. நம் இளைஞர்கள் மேலே போய் மணல் முழுவதையும் வெளியே அள்ளி, நன்றாக அலசி, திரும்பக் கொட்டிவிட்டு, "இனி தாராளமாகக் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த வாரமே மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒரு பிள்ளையை இரவோடிரவாக ஜீப்பில் கீழே கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். இளைஞர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நாங்களே தெரிந்து வைத்திருக்கவில்லை.

அந்த மணல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் 1804-இல் ஜான் கிப் என்பவர் தன் துணி வெளுக்கும் பட்டறைக்காக மணலில் தண்ணீரை வடித்தார். 1829-இல் லண்டனின் செல்சி குடிநீர்க் கம்பெனி அதையே ஊருக்கெல்லாம் செய்தது. அதை வீட்டளவுக்குச் சுருக்கியவர் கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ், 1990-களின் தொடக்கத்தில். மணல் அழுக்கைப் பிடிப்பது ஒரு பங்குதான். மேல்மட்டத்து மணலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒரு படலமாகக் குடியேறுகின்றன. கிருமிகளைத் தின்று தீர்ப்பதில் பெரும்பங்கு அவற்றுக்கு. அந்தப் படலம் உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். நாம் அலசிக் கொட்டியது அழுக்கை மட்டுமல்ல, காவல்காரனையும் சேர்த்து!

ஆகவே தாய்மார்கள் கவனிக்க வேண்டும். மணலுக்குமேல் எப்போதும் 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரற்கடைத் தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்தால் படலம் செத்துப்போகும். ஆழமாகி மூழ்கினாலும் காற்றுக் கிடைக்காமல் சாகும். நாள்தோறும் ஒரு குடமாவது ஊற்ற வேண்டும். வடிவது குறைந்தால் மேல் மணலை மட்டும் கையால் லேசாகக் கலக்கி, கலங்கிய தண்ணீரை மொண்டு கொட்டினால் போதும். அப்படிச் செய்த பிறகும் சில நாட்களுக்கு, புதிதாக மணல் போட்டால் மூன்று வாரத்துக்கும், வடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். விறகை வீணாக்க வேண்டாம். மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே என்று ஒரு பாட்டிம்மா கேட்டார்கள். உண்மைதான், உயரம் கூடக்கூட கொதிநிலை குறையும். ஆனால் நம் சரிவின் உயரத்துக்கு அந்த ஒரு நிமிடமே போதுமானது.

மணலைப் பற்றி இன்னொரு பேச்சு. எம்-சாண்ட் ஆகவே ஆகாது என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். பாறையை உடைத்த மணல் இந்த வேலைக்கு நல்லதுதான். சலித்துத் தூளை நீக்கி, கழுவிப் போட வேண்டும், அவ்வளவே.

பீப்பாய் இல்லாத வீட்டார் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பங்களாதேஷில் மத்லப் பகுதியில் நம்மைப் போன்ற ஏழைத் தாய்மார்கள் பழைய பருத்திச் சேலையை நான்கு முறை மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் பிடித்தார்கள். ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க அம்மையாரின் குழு 65 கிராமங்களில் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பழைய சேலையாக இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து நூல் பருத்து இடைவெளி சுருங்கியிருக்கும். பாதிதான் குறைந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வடித்த பிறகும் கொதிக்க வைக்க வேண்டும்.

இனி எங்களைத் தூங்கவிடாத விஷயம். ஏலத்துக்கு எத்தனை முறை மருந்தடிக்கிறார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கிறவர்களே நீங்கள்தான். அந்த ஐந்து வீடுகளில் இரண்டு வீட்டின் ஓஸ், மருந்தடிக்கும் தோட்டத்துக்குக் கீழே ஓடையில் கிடக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவுதான் ஆகும். மணலும் சேலையும் மருந்துக்கு ஈடல்ல. கரிவடிகட்டி கொஞ்சம் பிடித்து வைக்கும், ஆனால் கரி நிறைந்துவிட்டது என்று அது நமக்குச் சொல்லாது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும்.

ஷார்ஜாவில் இருக்கும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர், "ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கிப் போட்டுவிடுங்கள், பணம் அனுப்புகிறேன்" என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் அவரிடம் யோசிக்கச் சொன்னோம். ஆர்.ஓ. என்பது உப்புத் தண்ணீருக்கு வந்தது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைந்த உப்புள்ள தண்ணீருக்கு அது தேவையில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே கூறியது. அந்த ஓடைத் தண்ணீரில் பேனா போன்ற அந்தக் கருவியை விட்டுப் பார்த்தோம், மூன்று இலக்கத்தைத் தொடவில்லை. (அந்தக் கருவி கிருமியையும் காட்டாது, மருந்தையும் காட்டாது. குறைந்த எண்ணைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று ஏமாந்துவிட வேண்டாம்.) ஆர்.ஓ. மருந்தை ஓரளவு தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் வந்து வந்து போகிற லயன் வீட்டில், ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று குடத்தைக் கழிவாகத் தள்ளுகிற மெஷினை யார் பராமரிப்பது? அந்தப் பணத்தில் பைப் வாங்கி, ஓஸ் தலையைத் தோட்டத்துக்கு மேலே, மருந்தடிக்காத சோலைக்குள் இருக்கும் ஊற்றுக்குக் கொண்டுபோகலாம் என்றோம். சம்மதித்துவிட்டார்.

கழிவுநீருக்கு வருவோம். நம் பள்ளிவாசல் குழாயடியில் ஒரு வாளியை வைத்துப் பார்த்தோம். ஒருவர் ஒளூ முடிப்பதற்குள் அரை வாளி நிறைந்துவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவில் ஒளூச் செய்ததாக புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. மத்ஹபுக்கு மத்ஹபு கணக்கு மாறினாலும் அது ஒரு லிட்டரைச் சுற்றித்தான். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவில் வீண் செய்யலாகாது என்று ஸஅத் (ரலி) அவர்களை எச்சரித்த செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியிருக்கிறது. ஹவுளில் மொண்டு ஒளூச் செய்த காலத்தில் நம் அத்தாமார்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே இருந்தது. குழாய் வந்தபின் போயிற்று.

ஒளூச் செய்த தண்ணீர் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபிலும் சுத்தமானதே. அதைக் கொண்டு மறுபடி ஒளூச் செய்ய முடியாது, அவ்வளவுதான். தென்னைக்கும் வாழைக்கும் விடத் தடையில்லை. சுத்திகரித்த கழிவுநீரையே, உடலுக்குத் தீங்கில்லை என்றால், ஒளூவுக்கும் பயன்படுத்தலாம் என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978-இல் தீர்ப்பளித்தது. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை.

வீடுகளில் குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் இரண்டையும் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். சென்னையில் இந்துகாந்த் ராகடே என்ற வேதியியல் அறிஞர் பல ஆண்டுகள் இதையே வீடுவீடாகச் சொல்லிவந்தார். ஜல்லியும் மணலும் போட்ட பாத்தியில் கல்வாழை, சேம்பு நட்டால் சோப்பை அவை பார்த்துக்கொள்ளும். கழிவுநீரை ஒரு நாளுக்குமேல் தேக்கி வைத்தால் நாறும், கொசு வரும். புதினா, மல்லிக்கு விடக்கூடாது. பிள்ளைத் துணி அலசியது நஜீஸ். அது கக்கூஸ் குழிக்குத்தான். பாத்தி ஊற்றுக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி தள்ளி, சரிவில் எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். மேலே ஒரு வீட்டில் வெட்டியிருந்த பாத்தி ஊற்றுக்கு நேர் மேலே இருந்தது. மூடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

ஊற்று இருக்கும் இடத்தின் உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சரி சொல்லியிருக்கிறார். எழுத்தில் வாங்க நாளை இருவர் போகிறோம். வருகிற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னாலிருந்து ஜீப்பு கிளம்பும், இன்ஷா அல்லாஹ். பைப் புதைக்க மண்வெட்டி, கடப்பாரை உள்ளவர்கள் கொண்டு வரவும். மணல் சலிக்கத் தெரிந்த தாய்மார்கள் இரண்டு பேர் வேண்டும். பெயரை இப்போதே கொடுத்துவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.