விடியலில் வந்த கோப்பி

நூலாக்கம் என்பது உள்ளத்தில் எழுச்சி தோன்றும்போது மட்டும் நிகழ்வதா? அன்றி, நாடோறும் தவறாது மேசைமுன் வந்து அமர்வதால் விளைவதா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரொலப். 1815 இல் இலண்டனிற் பிறந்து 1882 இல் மறைந்த இவர், 47 நாவல்களை எழுதினார். அவற்றுட் பலவற்றை எழுதிய காலத்தில் அவர் தபாற் பகுதி உத்தியோகத்தராகவே இருந்தார். 1834 இல் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர், 1867 வரை அங்கே கடமையாற்றினார்.

அவருடைய முறை எளியது. காலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்வார். முதல் அரைமணி நேரம் முன்னர் எழுதியதை வாசித்து, அதன் ஓசை செவிக்கு இசைகின்றதா என்று நோக்குவார். பின்னர் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். காலையுணவுக்கு முன்பே அன்றைய எழுத்து முடிந்துவிடும். 1871 இல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, தம் அறையில் ஒரு மேசையை அமைப்பித்தார். லிவர்பூலை விட்ட மறுநாளே எழுதத் தொடங்கி, மெல்போர்ண் சேருமுன் ஒரு நாவலை முடித்தார். சப்பாத்துத் தைப்பவர் ஒரு சோடி முடிந்ததும் அடுத்த சோடியை எடுப்பதுபோல, எழுத்தாளரும் எழுச்சிக்காகக் காத்திராது அடுத்த கதையைத் தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

இவற்றையெல்லாம் ஒளிவின்றிக் கூறிய அவருடைய தன்வரலாறு, அவர் மறைந்தபின் 1883 இல் வெளிவந்தது. கடிகாரம் பார்த்து எழுதியவர் கலைஞரா என்று பலர் முகஞ்சுளித்தனர். அவர் புகழும் சிலகாலம் மங்கியது. ஆனால், அந்த ஒழுங்கின் வேரை அவர்கள் நோக்கவில்லை.

அவருடைய தாயார் பிரான்சிஸ் டிரொலப், ஐம்பது வயதைக் கடந்தபின், 1832 இலேயே தம் முதல் நூலை வெளியிட்டார். 1834 இல் கடன் தொல்லையால் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு ஓடவேண்டியதாயிற்று. அங்கே கணவரும் ஒரு மகனும் நோயுற்றுக் கிடந்தனர். மருந்துப் போத்தலும் மைக்கூடும் அருகருகே இருக்க, நோயாளரைப் பேணியவாறே அந்த அம்மையார் நாவல் எழுதினார். அதன் வருவாயே குடும்பத்தைத் தாங்கியது. அவ்வாண்டு இறுதியில் மகனும், மறு ஆண்டு கணவரும் இறந்தனர். எழுத்து என்பது பிறரைக் காக்கும் கடமையாகவும் அமையலாம் என்பதை மகன் அந்த வீட்டிற் கண்டார்.

இவ்வுணர்வே அவர் கதைகளிலும் பரவிற்று. 1855 இல் வந்த ‘வார்டன்’ என்னும் நாவலில், ஓர் அறநிலையத்தின் காப்பாளராகிய ஹார்டிங் என்னும் குருவானவர் வருகிறார். அங்கே வாழும் 12 முதியவர்க்கும் நாளொன்றுக்கு இரண்டு பென்ஸ் தம் கைப்பணத்திலிருந்து கூட்டிக் கொடுக்கிறார். அவர்களுக்கு இசையும் வாசித்துக் காட்டுகிறார். அவருடைய சம்பளம் முறையானதன்று என்ற கிளர்ச்சி எழுந்தபோது, மனச்சான்றுக்கு அஞ்சிப் பதவியைத் துறக்கிறார். கிளர்ச்சி வென்றது, ஆனால் முதியவர்க்கு அந்த இரண்டு பென்சும் போயிற்று, நாடோறும் அருகிருந்த நண்பரும் போயினார். அன்பு நாள்தோறும் வந்து நிற்கவேண்டியது. அது வராத நாளிலேதான் அதன் பெறுமதி தெரிகிறது.

டிரொலப்பின் வெற்றிக்குப் பின்னாலும் அத்தகைய ஒருவர் இருந்தார். வோல்தம் குறொஸ் என்னும் ஊரில் வாழ்ந்தபோது, ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகப் பெற்று, விடியுமுன் அவரை எழுப்பிக் கோப்பி கொடுத்தவர் ஒரு முதிய குதிரைக்காரர். எழுத்தாளர் அமருமுன் அவர் எழுந்திருக்கவேண்டும். அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது அவர் பிந்தியதில்லை. தம் வெற்றிக்காக வேறெவரினும் அவருக்கே கூடுதலாகக் கடன்பட்டிருக்கலாம் என்று டிரொலப் நன்றியோடு எழுதிவைத்தார்.

ஒரு நூலைக் கையில் எடுக்கும்போது அதன் முகப்பில் ஒரு பெயரே தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால், இருளில் எழுந்து அடுப்பு மூட்டிய ஒருவரும் இருப்பார். எழுதுபவர் நாடோறும் வந்து அமர்வது முயற்சி. அவர் அமர்வதற்காக இன்னொருவர் நாடோறும் முன்னே எழுவது அன்பு. இவ்விரண்டும் சேர்ந்தே அந்த 47 நாவல்களை ஆக்கின.