பிரேக்கிலிருந்து மீளும் மின்னாற்றல்: ரயில் மின்வழியின் கணித மாதிரி

மின்ரயில் வேகம் தணியும்போது அதன் மோட்டார் மின்னாக்கியாக இயங்கி, வண்டியின் இயக்க ஆற்றலை மின்னாற்றலாக்கி, தனக்கு மின்சாரம் தந்த வழிக்கே திருப்பி அனுப்புவது மீளாக்கப் பிரேக் எனப்படுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 300 டன் எடையுள்ள மெட்ரோ வண்டியிடம் ஏறத்தாழ 74 மெகாஜூல், அதாவது 20 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட இயக்க ஆற்றல் உண்டு. காற்றுத் தடையையும் உருளல் தடையையும் மோட்டாரில் வெப்பமாவதையும் கழித்து எஞ்சுவதைக் கணக்கிடுவது கடினமன்று. ஆயினும் அக்கணக்கு வண்டி தரக்கூடியதை மட்டுமே காட்டும். மின்வழி அந்த நொடியில் ஏற்கக்கூடியதைக் காட்டாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் எந்த மதிப்பீடும் சேமிப்பை மிகைப்படுத்தவே செய்யும்.

சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்தில் இயங்குகிறது. மின்மாற்றி இரு திசையிலும் ஆற்றலைக் கடத்துமாதலால், அருகில் வாங்கும் வண்டி இல்லாவிடினும் மிகுதி மின்சாரம் பொது மின்கட்டமைப்பை நோக்கிச் செல்ல இயலும். பெங்களூரு மெட்ரோவைப் போல 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தை மூன்றாம் தண்டவாளத்தின் வழியே பெறும் அமைப்புகளின் நிலை வேறு. இத்தகைய அமைப்புகளின் துணைமின் நிலையங்களில் வழக்கமாக உள்ள டையோடு திருத்திகள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடுவதால், மீண்ட ஆற்றலை வாங்க அதே நேரத்தில் வேறொரு வண்டி வேகமெடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வண்டி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் முக்கியமே. 750 வோல்ட் அமைப்பில் நிலையாக அனுமதிக்கத்தக்க உச்ச மின்னழுத்தத்தை ஐரோப்பியத் தரநிலை 900 வோல்ட் என வரையறுக்கிறது. பிரேக் பிடிக்கும் வண்டி இவ்வுச்சத்திலும், வாங்கும் வண்டி 750 வோல்ட்டிலும் இருக்க, மூன்றாம் தண்டவாளமும் திரும்புவழியான ஓடுதண்டவாளங்களும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 0.03 ஓம் தடை தருவதாகக் கொண்டால், இடைவெளி 2 கிலோமீட்டராயின் 2500 ஆம்பியர் பாயலாம். 5 கிலோமீட்டராயின் 1000 ஆம்பியர்தான் பாயும். அப்போது வண்டியிலிருந்து வெளியேறுவது 900 கிலோவாட். அதிலும் 150 கிலோவாட் வழியிலேயே வெப்பமாகிவிடும். வண்டி அதற்கு மேல் ஆக்கக்கூடியது அதன் பிரேக் மின்தடையத்திலோ உராய்வுப் பிரேக்கிலோ வீணாகிறது.

ஆகவே மாதிரியின் மையம் வண்டியன்று, மின்வழியே. துணைமின் நிலையங்களையும் வண்டிகளையும் கணுக்களாகக் கொண்டு, ஒவ்வொரு நொடிக்கும் கணு மின்னழுத்தங்களைத் தீர்க்க வேண்டும். வண்டி குறிப்பிட்ட திறனைக் கேட்பதால் மின்னழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் ஏறுகிறது. இதனால் சமன்பாடுகள் நேரியல்பை இழந்து, நியூட்டன்-ராப்சன் போன்ற படிமுறைத் தீர்வுகளை வேண்டுகின்றன. இதனினும் தொல்லை தருவது டையோடு. மின்வழியின் அழுத்தம் துணைமின் நிலையத்தின் சுமையற்ற அழுத்தத்தைத் தாண்டிய கணமே அந்நிலையம் கணக்கிலிருந்து துண்டிக்கப்படுகிறது. எந்த நிலையம் இணைந்துள்ளது என்பதைத் தீர்வே தீர்மானிக்க, தீர்வோ அந்த இணைப்பைப் பொறுத்து மாறுகிறது. உச்ச அழுத்தத்தை நெருங்கும்போது வண்டி தன் மீளாக்க மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வரம்பு வளைவையும் சேர்க்காத மாதிரி பயனற்றது.

கால அட்டவணையை அச்சில் உள்ளவாறே உள்ளிடுவதும் போதாது. ரயில் நிலையத்தில் 10 நொடி தாமதம், பிரேக்கும் முடுக்கமும் ஒன்றுசேரும் வாய்ப்பை அழித்துவிடலாம். எனவே நிற்கும் நேரத்தைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்த்து, ஒற்றைச் சராசரியை அல்லாமல் விளைவுகளின் பரவலைத் தருவதே நேர்மையான முறை. மிகுதியைப் பொது மின்கட்டமைப்புக்கு அனுப்பும் இன்வெர்ட்டரையோ, அதைச் சிறிது நேரம் தேக்கும் மீமின்தேக்கியையோ எந்தத் துணைமின் நிலையத்தில் வைப்பது என்ற கேள்விக்கு அந்தப் பரவல்தான் விடை தரும். வண்டிகள் அடிக்கடி ஓடும் நெரிசல் நேரத்தைவிட, வாங்குவோர் அரிதாகும் இரவு நேர ஓட்டமே அக்கருவியின் இடத்தையும் அளவையும் பெரும்பாலும் முடிவுசெய்கிறது.